முகம் சிதையவில்லை, செதுக்கப்படவே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறந்தவரின் உடலை வைக்க ரோமானியர் செய்த பளிங்கு ஈமப்பேழைகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். ஆனால், போர்க்காட்சி செதுக்கப்பட்ட போர்த்தொனாச்சோ பேழையின் படத்துக்குக் கீழே, குதிரைமேல் பாய்ந்துவரும் தளபதியின் முகம் 'காலத்தால் சிதைந்துவிட்டது' என்று அச்சாகியிருப்பது சரியல்ல.

1931-இல் ரோம் நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது அங்குள்ள மாஸ்ஸிமோ அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பேழை ஏறத்தாழ கி.பி. 180-ஐ ஒட்டியது. கீழே விழுந்து கிடக்கும் எதிரிகளின் தலைமுடியும் தாடியும்கூடத் துளைக்கருவியால் ஆழக் குடையப்பட்டு, நிழல் கறுத்துத் தெரியும் அளவுக்குத் துலக்கமாக இருக்கையில், நடுநாயகமான தளபதிக்கு மட்டும் கண்ணும் மூக்கும் இன்றி முகம் மொழுக்கென்று நிற்கிறது. மூடியில் உள்ள கணவன், மனைவியின் முகங்களும் அப்படியே. காலம் இப்படி ஆள் பார்த்துச் சிதைப்பதில்லை. இறந்தவரின் சாயலைப் பிறகு செதுக்கிக்கொள்வதற்காக விட்டுவைத்த இடம் அது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

வேலையைக் கட்டம் கட்டமாக முடிப்பது அத்தொழிலின் வழக்கம்தான். மர்மரா கடலில் உள்ள புரோகொனேசஸ் தீவின் பளிங்குக் குவாரிகளில், கப்பலில் ஏற்றும் எடையைக் குறைப்பதற்காகப் பேழையின் உட்புறத்தை அங்கேயே குடைந்து, வெளிப்புறத்தைக் கரடாகக் கொத்தி அனுப்புவார்கள். நுண்வேலை ரோமிலோ வேறு நகரிலோ நடக்கும்.

பேழையில் காண்பதெல்லாம் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு என்ற கட்டுரையின் கூற்றும் மறுபார்வைக்கு உரியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பேழை ஒன்று உள்ளது. 50 ஆண்டுகளும் 10 மாதங்களும் வாழ்ந்த ஆர்ரியா என்ற பெண்ணுக்கு, 'ஒப்பற்ற தாய்' என்று எழுதி அவருடைய மகள் செய்துவைத்தது அது. அதன் முகப்பு முழுவதும், உறங்கும் எந்திமியோன் என்ற அழகிய இளைஞனைத் தேடி நிலவுத் தெய்வம் செலினே தேரிலிருந்து இறங்கிவரும் கிரேக்கப் புராணக் கதையே பரவியிருக்கிறது. ஆர்ரியா என்னும் மனுஷியை நாம் நேரில் காண்பது மூடியில் உள்ள சிறு உருவத்தில் மட்டுமே. கதை எல்லாருக்கும் பொது. எழுத்தும் முகமும்தான் அவருக்கு உரியவை.

சேலம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எழுத்துள்ள கற்களில், ஆநிரை மீட்டு வீழ்ந்தவன் இன்னான் என்று சொல்வது கல்வெட்டு. வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் உருவமோ பெரும்பாலும் வீரர் அனைவருக்கும் பொதுவான வார்ப்பு. நம்மவர் முகச்சாயலைத் தேடவில்லை, ரோமானியர் தேடினார்கள். அதனால்தான் செதுக்காமல் விட்ட முகம் அங்கே அவ்வளவு உறுத்தலாகக் கண்ணில் படுகிறது.

ஆகவே அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறும், இனி இத்தகைய படங்களோடு, உடைந்த பகுதி எது, முடிக்காமல் விட்ட பகுதி எது என்பதையும் பிரித்துக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.