கதவு எண்ணை மாற்றச் சொல்லாதீர்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தண்ணீர் லாரிப் பட்டியல் மென்பொருள் செய்து கொடுத்த சேலம் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சர்வரில், அந்த மென்பொருள் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் 8.1 பதிப்பை எடுத்துவிட்டு 8.2 போட்ட பிறகு, ஏற்காட்டில் எங்கள் தெருப் பட்டியலில் வீடுகளின் வரிசை குலைந்தது உங்களுக்குத் தெரியும். முறையிட்டோம். "கதவு எண்களில் எழுத்து வேண்டாம், வெறும் எண்ணாக மாற்றிப் பதியுங்கள்" என்றீர்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் ஒருவருக்கு 12, மற்றவருக்கு 12அ. ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாவற்றிலும் அதுதான். அதை மாற்றச் சொல்ல நீங்கள் யார்?

எண்ணோடு 12அ-வை ஒப்பிடும்போது, பட்டியலை வரிசைப்படுத்தும் பிஎச்பி கட்டளையான கேசார்ட் (ksort) முன்பெல்லாம் அதன் தொடக்கத்திலுள்ள 12-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த வீடும் 12-க்குப் பக்கத்திலேயே நிற்கும். 2022 டிசம்பரில் வந்த 8.2 இரண்டையும் எழுத்தாக வைத்து ஒப்பிடுகிறது. 9-உம் 12-உம் வெறும் எண்கள் என்பதால் 9-க்குப் பின் 12; எழுத்தாகப் பார்த்தாலும் 12-க்குப் பின் 12அ. ஆனால் 9-ஐயும் 12அ-வையும் நேராக ஒப்பிட்டால் 12அ முந்திக்கொள்கிறது, 1 என்பது 9-க்கு முன்னால் வருவதால். 9, 12, 12அ என்று பதிந்தால் வரிசை சரியாக வரும்; 12அ, 9, 12 என்று பதிந்தால் அப்படியே நின்றுவிடும்.

எங்கள் தெரு ஏற்றம். லாரி திருப்ப இடம் கிடையாது. பட்டியல் பார்த்து ஓட்டுநர் மேலே போய்விட்டால், கீழே விட்டுப்போன வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. 12அ-வில் தனியாக இருக்கும் பாட்டி, குடத்தோடு வாசலில் நின்றபடி லாரி தாண்டிப் போவதைப் பார்த்தார். அவரிடம் போய் எந்தப் பதிப்பைப் பற்றி நான் பேசுவது?

புதுப் பதிப்புக்கு மாறியது தவறில்லை. 8.1-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 முடிவோடு நின்றுவிட்டன, மாறத்தான் வேண்டும். கேசார்ட் மாறுவதை 8.2-இன் மேம்படுத்தல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். காசு வாங்கிப் பராமரிக்கிறவர்கள் அதைப் படித்திருக்க வேண்டாமா? எது பழுதானாலும் முதலில் வாடிக்கையாளர்தான் மாற வேண்டும் என்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. வங்கியில் பெயரின் தலைப்பெழுத்து, மருத்துவமனையில் பிறந்த தேதி, இப்போது கதவு எண்.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். கேசார்ட் அழைப்பில் சார்ட்_நேச்சுரல் (SORT_NATURAL) என்ற கொடியை, அதாவது மனிதர் வரிசைப்படுத்துவதுபோல் வரிசைப்படுத்தச் சொல்லும் குறிப்பை, சேருங்கள். 9, 12, 12அ எப்படிப் பதிந்தாலும் ஒழுங்காக நிற்கும். கதவு எண்கள் இருக்கிறபடியே இருக்கட்டும். அடுத்த லாரி வருவதற்குள் தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டியல் பொறுப்பாளர்,
ஏற்காடு