வெறும் 'லில்லி' என்று போட்டால் எந்த லில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், வீட்டுத்தோட்டப் பக்கத்தில் லில்லி வளர்ப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதியவர் சொல்ல வந்தது டே லில்லியை. பதினோரு வருஷமாக அதை வளர்ப்பதால் எனக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் குறிப்பு முழுக்க வெறும் 'லில்லி' என்றே போட்டு, கிழங்கை வாங்கி ஊன்றுங்கள் என்று ஒரு வரி, கடைசியில் மொட்டைச் சமைத்தும் சாப்பிடலாம் என்று இன்னொரு வரி. முதல் வரியை நம்பினால் காசு போகும், சரி, போகட்டும். இரண்டாவதை நம்பினால் உயிரே போகலாம், அதுவும் நம் பக்கத்தில்.

ஏன் நம் பக்கத்தில் என்கிறேன் என்றால், நான் பிறந்தது மூலனூர் பக்கம். மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு போடாத ஊரைத் தேட வேண்டும். செங்காந்தள் என்று பாட்டில் வருவதும் அதுதான், நம் மாநிலப் பூவும் அதுதான், நர்சரிக்காரர்கள் 'குளோரி லில்லி' என்று போர்டு வைப்பதும் அதையேதான். அதன் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். விதை காயப்போட்டிருக்கிற களத்துப் பக்கம் எங்கள் அப்பச்சி கன்றுக்குட்டியைக்கூட விடமாட்டார். இப்படிப்பட்ட ஊரில் 'லில்லி மொட்டைச் சமைக்கலாம்' என்று ஒரு பத்திரிகை எழுதினால், அதை நாலு பேர் கத்தரித்து வாட்ஸ்அப்பில் போட்டால், என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டே லில்லி இந்தக் கூட்டத்திலேயே சேராது. பெயரில்தான் லில்லி. தாவரவியல்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஹெமரோகாலிஸ், கிரேக்கத்தில் 'ஒரு நாள் அழகு' என்பது போல வரும், ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும் என்பதால். சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துச் செடி. இன்றைய வகைப்பாட்டில் அதை எந்தக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள் தெரியுமா, நம் வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிற சோற்றுக்கற்றாழையின் குடும்பத்தில்!

அதற்கு வெங்காயம் மாதிரிக் கிழங்கும் கிடையாது. சதைப்பிடிப்பான வேர்க்கொத்து, அதன் தலையில் இலைகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் நானும் ஏமாந்தேன். ஆன்லைனில் 'டே லில்லி கிழங்கு, ஆறு நிறம்' என்று பார்த்து நானூற்றைம்பது ரூபாய் கட்டினேன். பெட்டியைப் பிரித்தால் சின்ன வெங்காயம் அளவில் ஐந்து, பெரிய வெங்காயம் அளவில் ஒன்று. ஆசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி, கோடை மழைக்குப் பிறகு பார்த்தால் ஐந்தும் ரோஸ் நிற மழை லில்லி, நம் வீட்டுப் பின்னாலேயே களையாக முளைத்துக் கிடப்பது. பெரியது அமரில்லிஸ். விற்றவரிடம் கேட்டதற்கு "எல்லாம் லில்லிதானுங்களே" என்று பதில். வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இப்படி ஏமாந்ததை வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். அதனால் கிழங்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இலையோடு, வேரோடு இருக்கிற தூராக வாங்குங்கள், முடிந்தால் பூ பூத்திருக்கும்போது பார்த்து.

அப்புறம் இன்னொன்று, இதை அந்தக் குறிப்பு தொடவே இல்லை. டே லில்லியில் குளிர்காலத்தில் இலை முழுக்கக் காய்ந்து உறங்கிவிடும் ரகம் உண்டு, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ரகம் உண்டு, இரண்டுக்கும் நடுவிலும் உண்டு. உறங்கும் ரகத்துக்கு நல்ல குளிர் வேண்டும். கோத்தகிரியில் இருக்கிற என் நாத்தனார் ஆசையாகக் கொடுத்துவிட்ட தூர் மலையில் வேலியோரம் தானாகக் கிடந்தது, இங்கே வடவள்ளியில் மூன்று வருஷம் இலையை மட்டும் காட்டிவிட்டு மெலிந்து மெலிந்து போய்ச் சேர்ந்தது. நமக்கு ஆகிறது பசுமை மாறாத ரகம்தான். நிறத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் நிறங்கள் நம் வெயிலைத் தாங்கும், அடர் சிவப்பும் ஊதாவும் மத்தியானத்துக்குள் வெந்த மாதிரி துவண்டுவிடும், அதை வைத்தால் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கமாக வையுங்கள்.

நடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேரும் இலையும் சேரும் கழுத்து மண்ணுக்குள் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் அழுகும், பூக்கவும் யோசிக்கும். தூருக்குத் தூர் ஒன்றரை அடி. செம்மண்ணும் மக்கிய சாணமும் போதும். தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்து மலிவாக வருகிறதே என்று அப்படியே கொட்டாதீர்கள், அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதையும் கழுத்தை மூடாமல் தள்ளிப் போடுங்கள். எங்கள் போர் தண்ணீரும் உப்புதான், அதில் இலை நுனி கருகும், ஆனால் செடி சாகவில்லை. மொட்டு வைக்கும் சமயத்தில் மட்டும் சிறுவாணித் தண்ணீரில் ஒரு குடம் அதற்கு என்று எடுத்து வைப்பேன், இது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆடிக் காற்றில் பூத்தண்டு முறியும், ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தோண்டி எடுத்துப் பிரித்து நட வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கிக்கொண்டு பூ குறைந்துவிடும். ஒரு நாள் பூவுக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: ஒரு தண்டில் பத்துப் பதினைந்து மொட்டு இருக்கும், ஒன்று வாடினால் மறுநாள் அடுத்தது.

எனக்குப் பிடித்த வேலை விதை எடுப்பது. மூலனூரில் கண்வலிப் பூவுக்குக் காலையில் ஆட்கள் செடி செடியாகப் போய்க் கையாலேயே மகரந்தம் வைப்பார்கள், பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் போயிருக்கிறேன். அதே கைப்பழக்கம்தான் இங்கேயும். காலை ஏழு மணிக்கு மஞ்சள் பூவின் மகரந்தத்தை எடுத்து ஆரஞ்சுப் பூவின் சூல்முடியில் தொட்டு வைத்து ஒரு நூல் கட்டிவிடுவேன். பிடித்தால் காய் வரும், உள்ளே மிளகு மாதிரி கறுப்பாக, பளபளப்பாக விதை. முளைத்துப் பூக்க இரண்டு வருஷம் ஆகும், என்ன நிறம் வரும் என்று பூக்கும்வரை தெரியாது. இதில் ஒரு வேடிக்கை, நம் கண்வலி விதையிலிருந்து எடுக்கிற கால்சிசினைத்தான் கவுட் என்கிற மூட்டு வாதத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள், அதே கால்சிசினை டே லில்லி நாற்றில் போட்டுத்தான் அமெரிக்காவில் 22 குரோமோசோமை 44 ஆக்கிப் பெரிய, தடித்த பூக்களைக் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டு செடிக்கும் இருக்கிற சொந்தம் அவ்வளவுதான், தட்டில் போடுகிற அளவுக்கு இல்லை.

மொட்டு விஷயம் பொய் என்று நான் சொல்லவில்லை. சீனச் சமையலில் டே லில்லியின் காய்ந்த மொட்டைச் சூப்பில் போடுவது உண்டு. ஆனால் அது டே லில்லிதான் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும், நர்சரியில் மருந்தடித்து வந்த செடியாகவும் இருக்கக்கூடாது. நானே இத்தனை வருஷத்தில் சாப்பிட்டதில்லை. கத்தரிக்காய்க்கு என்ன பஞ்சம்?

ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்தக் குறிப்பில் சொன்னது டே லில்லியை மட்டும், கண்வலியையோ வேறு லில்லியையோ வாயில் வைக்கக்கூடாது என்று ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் என் அத்தையால் படிக்க முடியாது.

வாசகி,
வடவள்ளி, கோவை

பின்குறிப்பு: வீட்டில் பூனை இருந்தால் டே லில்லி, லில்லி இரண்டுமே வேண்டாம். இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். எங்கள் வீட்டில் நாய்தான், அது தோண்டிப் போடுவதோடு சரி.