எதிர்வீட்டு மாமாவோட மூணாவது கண்ணு

அடி வாத்து,

எப்படி இருக்க? அத்தை முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறுறாங்களா? உன் வாய்ஸ் நோட் ரெண்டையும் கேட்டேன், நின்னு பதில் பேசத்தான் நேரமில்ல, அதான் இப்ப டைப் பண்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோ.

இங்க ஒரு கூத்து நடந்துச்சு. எதிர்வீட்டு மாமா, பேங்க்ல ரிடயர் ஆனவரு, நாலு கேமரா மாட்டிட்டாரு, அதுல ஒண்ணு நேரா நம்ம வாசலப் பாக்குது. முதல்ல நான் கண்டுக்கவே இல்ல. சென்னைல இது என்ன புதுசா, 2017 வாக்குல போலீஸே மூன்றாவது கண்ணுன்னு பேரு வச்சு கடைக்காரங்க, அசோசியேஷன்காரங்கன்னு எல்லாரையும் புடிச்சு 50 மீட்டருக்கு ஒண்ணுன்னு மாட்ட வச்சாங்கல்ல. 2020ல சர்ஃப்ஷார்க்னு ஒரு கம்பெனி உலக நகரங்கள கணக்குப் போட்டு நம்ம ஊருதான் ஃபர்ஸ்ட்டு, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரான்னு சொல்லிச்சு. பெருமைப்படறதா பயப்படறதான்னே தெரியல.

அப்புறம் ஒருநாள் காலைல கோலம் போட்டு நிமிர்றேன், மாமா கேட்ல நின்னுட்டு "என்னம்மா நேத்து வர 11.40 ஆயிடுச்சு போல, ஆபீஸ்ல அவ்ளோ வேலையா"ங்கறாரு. தப்பா கேக்கலடி, அக்கறையாத்தான் கேட்டாரு. ஆனா அந்த நேரத்துக்கு தெருவே தூங்கிட்டு இருந்துச்சு, அவரும்தான். போலீஸ் ஸ்டேஷன்ல எவனோ பாத்தா கூட பரவால்ல, அவனுக்கு நான் யாரோ. தினம் மூஞ்சியப் பாக்குற மனுஷன் காபி குடிச்சிட்டே நான் எப்ப வந்தேன் எப்ப போனேன்னு ஓட்டி ஓட்டிப் பாக்குறதுதான் உறுத்துது. அன்னிலேருந்து வாசல் தெளிக்க நைட்டி மேல துண்டு, தலை துவட்ட பின்பக்கம், அம்மாகிட்ட போன்ல அழ பாத்ரூம்.

எடுத்துடுங்கன்னு சொல்லவும் வாய் வரல. பக்கத்து தெரு அக்கா செயின அறுத்துட்டுப் போனவன் வண்டி நம்பர் சிக்குனதே இப்படி ஒரு வீட்டு கேமரால தானே.

நம்ம வக்கீல் தம்பிகிட்ட கேட்டேன். அதே 2017லதான் சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது ஜட்ஜுங்க உக்காந்து பிரைவசி அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்களாம், ஆனா நம்ம சொந்தத் தகவலப் பாதுகாக்க 2023ல போட்ட டேட்டா சட்டம் ஒருத்தர் சொந்த வீட்டுத் தேவைக்கு வச்சிருக்கிறதுக்குப் பொருந்தாதாம், அதனால "கேஸு கீஸுன்னு போகாதக்கா, மாஸ்க் போடச் சொல்லு"ன்னான். நான் மூஞ்சி மாஸ்க்னு நினைச்சேன், சிரிக்காத. டிவிஆர்னு கேமரா படத்த ரெக்கார்டு பண்ற பெட்டி இருக்கில்ல, அது செட்டிங்ஸ்ல ப்ரைவசி மாஸ்க்னு ஒண்ணு இருக்காம், திரைல எந்த இடம் வேணாமோ அங்க ஒரு கறுப்புக் கட்டம் போட்டுட்டா அது ரெக்கார்டே ஆகாதாம்.

மாமாகிட்ட மெதுவா சொன்னேன். முகம் சுருங்கிடுச்சு, "உன்ன வேவு பாக்கவா மாட்டுனேன்"னாரு. அந்த நேரம் பாத்து போன்ல கேமரா ஆப்ப நோண்டிட்டு இருந்த அவர் பேரன், "தாத்தா, இதுல மூணு போன் லாகின் ஆயிருக்கே"ங்கறான். ஒண்ணு மாமா, ஒண்ணு மகன், மூணாவது யாருன்னு பாத்தா கேமரா மாட்ட வந்த பையன். செட் பண்ணும்போது அவன் போன்ல போட்டது, அப்படியே இருக்கு, பாஸ்வேர்டும் மாத்தல. நாலு கேமரால ஒண்ணு அவங்க ஹால்ல இருக்குடி. மாமி ஹால்லதான் மதியம் தூங்குவாங்க. மாமி பாத்த பார்வை இருக்கே!

அன்னிக்கு சாயங்காலமே பாஸ்வேர்டு மாறுச்சு, ஹால் கேமரா கழண்டுச்சு, மத்த கேமரால இருந்த மைக்க ஆஃப் பண்ணாங்க, நம்ம திண்ணை மேல கறுப்புக் கட்டமும் விழுந்துச்சு. மாமா கூப்பிட்டுக் காட்டுனாரு, வீட்டுக்கு நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப என் வீட்டுக்காரர், "ஸ்கூட்டியும் அந்தக் கட்டத்துக்குள்ளதான் நிக்குது, திருடு போனா யாரக் கேப்ப"ன்னு ஒரே நச்சு. அதனால ராத்திரில மட்டும் வண்டிய மாமா கேட் ஓரமா விட்டுட்டு வரேன்.

அத்தைய கேட்டேன்னு சொல்லு. பொங்கலுக்கு வரியா இல்லியா, டிக்கெட் போடணும், சீக்கிரம் சொல்லித் தொலை.

உன் நெட்டை