மீன்வளத்துக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாள்: சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டப்பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்கள் 234 பேருக்கும், அதிலும் இராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர் தொகுதிகளில் இருந்து போனவர்களுக்கும், பாம்பனிலிருந்து வணக்கம்.

இங்கே மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. படகு பிடிபட்டாலும், டீசல் மானியம் நின்றாலும், நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனாலும் ஆள்கள் என்னிடம் வருவார்கள். யாருக்கு எழுதினாலும் கடைசியில், "எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு காப்பி போட்ருங்க தம்பி" என்பார்கள். அந்தக் காப்பிகளில் எத்தனை உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தன என்பது வேறு கதை. இன்றைக்கு எழுத வந்தது உங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற மானியக் கோரிக்கை எண் 7 பற்றி, அதாவது துறையின் செலவுக்குச் சபையிடம் ஒப்புதல் கேட்கிற நாள் பற்றி. மீன்வளம், மீனவர் நலன்.

அந்த நாள் எப்படிப் போகும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பேரவைத் தலைவர் குறள் வாசித்து அவையைத் தொடங்குவார். கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருவதால், வலை பொத்திக்கொண்டே கைபேசியில் அதைப் பார்க்கிறவர்கள் எங்கள் கரையில் உண்டு. கேள்வி நேரம் முடிந்ததும் வரும் நேரமில்லா நேரத்தில் ஒருவர் எதையாவது கிளப்புவார், அனுமதி இல்லை என்பார்கள், கொஞ்சம் சத்தம், சில நாள் வெளிநடப்பு. அப்புறம் விவாதம். மீன்வளத்துக்கென்று முழு நாளும் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் வேறு துறையின் கோரிக்கையும் அன்றைக்கே வந்து நிற்கும். பேசுகிறவருக்குச் சில நிமிடங்கள். அதில் பாதி தலைவரை வாழ்த்துவதில் போய்விடுகிறது. மிச்சத்தில் தன் தொகுதிக்கு ஒரு தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவர்), ஒரு மீன் இறங்குதளம், ஒரு ஏலக்கூடம் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அமைச்சர் பதில் சொல்வார், புதிய அறிவிப்புகளை வாசிப்பார், மேசைகள் தட்டப்படும், தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சி கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள் விழும், குரல் வாக்கெடுப்பில் கோரிக்கை நிறைவேறும். அடுத்த மீன்வள நாளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். மாநிலத்தின் மொத்தக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், இராமேசுவரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சேர்கிற கரை இது. இதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சில மணி நேரம்.

2025 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் எங்கள் கடல் உங்கள் சபைக்கு இரண்டு தடவை வந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி, கச்சத்தீவை மீட்க ஒன்றிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்தார். ஆளுங்கட்சி, அ.தி.மு.க., பா.ஜ.க. என்று எல்லோரும் ஆதரித்து ஒருமனதாக நிறைவேறியது. பிரதமர் இலங்கை போகும் நேரம் அது. திரும்பி வரும் வழியில் 6ஆம் தேதி எங்கள் ஊரில் புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார். மறுநாள் 7ஆம் தேதி, பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சர் ஓர் அறிக்கை வாசித்தார்: மன்னார் வளைகுடாப் பகுதி மீனவர்களுக்கு 576 கோடி ரூபாயில் திட்டங்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் குந்துக்காலிலும் மீன்பிடித் துறைமுகங்கள், கடல்பாசி வளர்ப்பு, மாற்றுத் தொழில் பயிற்சி என்று நீண்ட பட்டியல்.

முதல் நாள் நீங்கள் டெல்லியைக் கேட்டீர்கள். அதில் உங்கள் கையில் இருந்தது குரல் மட்டும்தான். இரண்டாவது அறிவிப்பு முழுக்க முழுக்க உங்கள் சபையின் கையில் இருக்கிற விஷயம், பணமும் துறையும் இங்கேயே இருக்கின்றன. ஆனால் விவாதம் நடந்தது முதல் விஷயத்தில். இரண்டாவதில் ஒரு கேள்விகூட இல்லை, ஏனென்றால் விதி 110இல் வாசிக்கப்படுவதன் மேல் விவாதம் கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விதி முதலமைச்சர்களுக்குப் பிடித்த விதி. ஏன் பிடிக்காது?

கச்சத்தீவைப் பேச வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 285 ஏக்கர் மண்ணை 1974இல் கொடுத்தபோதும், 1976இல் அந்தக் கடலில் மீன்பிடிப்பை நிறுத்தியபோதும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்து படகில் போய்த் தேர் பார்த்துத் திரும்பும் குடும்பங்களுக்கு அந்த ஆதங்கம் தலைமுறையாக உண்டு. உங்கள் சபை 1974லேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது, 1991இல் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, 2025இல் மறுபடியும். வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. சரி. ஆனால் பிடிபட்டவர்களின் மனுக்களை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கே பிடித்தார்கள் என்று கேட்டால் கச்சத்தீவு என்று சொல்கிறவர்களைவிட இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம், தலைமன்னார்ப் பக்கம் என்று சொல்கிறவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். நாளைக்கே கச்சத்தீவு கைக்கு வந்தாலும் நெடுந்தீவுக் கடல் நெடுந்தீவுக் கடல்தான். 2024இல் மட்டும் இலங்கைக் கடற்படையிடம் சிக்கியவர்கள் 500 பேருக்கு மேல்.

இதற்குக் காரணத்தைச் சபையில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. கரையிலும் மெதுவாகத்தான் பேசுகிறோம். பாக் விரிகுடா குறுகலான, ஆழமில்லாத கடல். கரையோரம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது, அங்கே விசைப்படகு மடி, அதாவது இழுவலை, இழுக்கக் கூடாது. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் எல்லைக்கோடு வந்துவிடும். நடுவில் மிஞ்சுகிற தண்ணீரில் இத்தனை விசைப்படகுகளும் பாடு பார்க்க முடியாது. பல வருஷமாகக் கடல் தரையை வாரும் அடிமடி இழுத்து இழுத்து நம் பக்கத்துத் தரையில் இறாலும் இல்லை, நண்டும் இல்லை, சங்காயம் என்கிற கழிவு மீன்தான் வருகிறது. டீசல் போட்டு ஐஸ் ஏற்றிப் போகிறவன் மீன் இருக்கும் இடத்துக்குப் போகிறான். மீன் அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் இருப்பவனும் தமிழ் பேசுகிறவன்தான். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, 2009க்குப் பிறகு திரும்பக் கடலுக்கு வந்தவன். அவன் விரித்து வைத்த வலையை நம் மடி அறுத்துக்கொண்டு போகிறது. அந்த நாடு 2017இல் அடிமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது, 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை உயர்த்தியது. அந்த அபராதத்தால்தான் இன்று எங்கள் கரையில் வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறது. இலங்கைக் கடற்படை செய்வதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடித்ததையும் கடலில் செத்தவர்களையும் மனுவாக எழுதிய கை இது. ஆனால் யாழ்ப்பாணத்து மீனவனின் அறுந்த வலை உங்கள் அவைக்குறிப்பில் இடம்பெறாமல் எங்கள் பிரச்சினை தீராது.

உங்கள் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. உங்கள் சபை போட்ட சட்டம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரைக்கடலில் இரட்டைமடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) ஓடுகிறதா, எத்தனை வழக்கு, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் எத்தனை ரத்து என்று கேட்க டெல்லியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய ஒரு நட்சத்திரக் கேள்வியும் சூடான இரண்டு துணைக் கேள்விகளும் போதும். கேட்டால் விசைப்படகுச் சங்கம் கோபிக்கும், கேட்காவிட்டால் நாட்டுப்படகுக்காரன் கோபிப்பான். இரண்டு பக்கமும் ஓட்டு இருக்கிறது என்பதால் எல்லோரும் கச்சத்தீவைப் பற்றிப் பேசிவிட்டு உட்காருகிறீர்கள் என்பது என் எண்ணம். தவறென்றால் சபையிலேயே மறுத்துச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

ஆழ்கடல் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மறுபடி சென்னையிலும் இரு நாட்டு மீனவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அடிமடியை விட்டுவிட எங்கள் தரப்பு மூன்று வருஷ அவகாசம் கேட்டது. 2017 ஜூலையில் பிரதமர் இராமேசுவரம் வந்தபோது அதற்கான திட்டம் தொடங்கியது: பாக் விரிகுடாவின் 2,000 அடிமடிப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள். படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய், அதில் 70 விழுக்காடு ஒன்றிய, மாநில அரசுகளின் மானியம், மீதியில் பெரும்பங்கு வங்கிக் கடன். மூன்று வருஷம் எப்போதோ போய்விட்டது. 2,000 என்ற எண்ணின் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை.

ஏன் என்று கேட்டால் படகுக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் சாயங்காலம் போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்கள். சூரைக்கு வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், தூண்டில் தொழில் வேறு, தெரிந்த டிரைவர் கிடைப்பதில்லை. பெரிய படகைப் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கரையில் கட்ட முடியாது, மூக்கையூர் போக வேண்டும், இல்லாவிட்டால் கொச்சி. ஆனால் மீனை வாங்க வேண்டிய கம்பெனிக்காரர் இங்கேயே இருக்கிறார். பழைய படகை உடைத்துவிட்டுப் புதுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள எவனுக்குத் துணிச்சல் வரும்? இதில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் தேவை, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு துறை பொறுப்பு. மானியக் கோரிக்கை விவாதம் என்பது இதற்காகத்தானே இருக்கிறது? எத்தனை படகு வந்தது, எத்தனை இன்னும் கடலுக்குப் போகிறது, எத்தனை கடன் வாராக்கடன் ஆனது என்று கட்சி பார்க்காமல் ஒரு மணி நேரம் கேட்டிருந்தால், இன்றைக்கு எங்கள் ஆட்கள் சிறையில் எண்ணுகிற நாட்கள் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்னப்பாலத்திலிருந்து தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்து வாழ்கிறவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து அவர்களுக்கு வனத்துறையோடு ஓயாத தகராறு. அறிவிப்புகளில் இவர்களுக்குக் கடல்பாசி வளர்ப்பு வருகிறது, வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் பாசிப் பூங்காவும் வருகிறது. மூங்கில் மிதவையில் வளர்ப்பதும் மூச்சைப் பிடித்து முங்கி எடுப்பதும் ஒன்றில்லை என்று சபையில் யாராவது சொன்னார்களா? எனக்குத் தெரிந்து, அவர்கள் கேட்பது முதலில் தீவுக்குப் போகும் உரிமையை.

இனி நான் கேட்பது. விதி 110இல் வாசித்ததையும் அமைச்சர் பதிலுரையில் அறிவித்ததையும் துறை சபையில் வைக்கும் அடுத்த வருஷக் கொள்கை விளக்கக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்: எது முடிந்தது, எது நடக்கிறது, எது கோப்பிலேயே நிற்கிறது, ஏன். தங்கச்சிமடம் துறைமுகம் எங்கே நிற்கிறது என்று நான் மீன்துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது, அது சபைக்கு அரசு தர வேண்டிய கணக்கு. மீன்வள விவாதம் நடக்கும் நாள் முழுவதும் நேரலையில் வரட்டும். வெட்டி ஒட்டிய காட்சிகளில் மேசை தட்டும் சத்தம்தான் எங்களுக்குக் கேட்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், 8,000 ரூபாய் நிவாரணத்தோடு குடும்பம் ஓடும். விவாதத்தை அந்த நாட்களில் வைத்தால் கடலோரமே உட்கார்ந்து பார்க்கும்.

உங்கள் சபைக்கு அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. சபையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது அதன் வேலை, மாவட்டங்களுக்கும் போகும். அது இங்கே வர வேண்டும். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் தேநீரோடு முடிகிற வருகை வேண்டாம். பாம்பன் இறங்குதளத்தில் நாற்காலி போடுகிறோம். விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், பாசி எடுக்கும் அக்காமார்கள், மூன்று தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழுவார்கள், அதெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே.

வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். எங்கள் பக்கம் விசைப்படகு தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. வெள்ளி அன்று அவர்கள் கரையில் இருப்பார்கள், நாட்டுப்படகுகளும் காலையிலேயே மீனை இறக்கிவிடும். பத்து மணிக்குத் தொடங்கினால் ஜும்மாவுக்கு முன்னால் முடித்துவிடலாம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாடி சொல்லிவிடுங்கள், மனுக்களைத் தட்டச்சு செய்து வைக்க எனக்கு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் கரையில் மனு எழுதும் ஒருவன்