கொழுப்பு மாத்திரையும் என் கணக்கு நோட்டும்

அன்பு மகன் முருகேசனுக்கு,

கோவில்பட்டியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மருமகள், பேத்தி, உன் நலம் அறிய ஆவல்.

போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கொழுப்பு மாத்திரையை இரண்டு மாதம் போட்டாயாம், கெட்ட கொழுப்பு 182-லிருந்து 104-க்கு வந்ததும் நிறுத்திவிட்டாயாம். மருமகள் பேச்சுவாக்கில் சொன்னாள். "அதான் சரியாயிடுச்சே" என்றாயாமே. அது 2018-இல் நான் சொன்ன பேச்சு.

பேரேடு எழுதியே பழகின கை, வீட்டுச் செலவையும் எழுதாமல் தூங்காது. நேற்று பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். 2016-இல் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு எனக்கு முதல் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல். வயது 52. கொழுப்பு மாத்திரையை ஒன்றரை வருசம் ஒழுங்காகப் போட்டேன். ரிப்போர்ட் நன்றாக வந்தது. கெண்டைக்கால் வலித்தது. மாத்திரைதான் காரணம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டு இதை மட்டும் விட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

2019 நோட்டைப் புரட்டினால் எனக்கே கூசுகிறது. "மார்ச் 9. நெஞ்சுவலி. கார் வாடகை 2,200." அதற்குக் கீழே ஆஞ்சியோ, இரண்டாவது ஸ்டென்ட். ஏப்ரலில் மறுபடியும் சேர்க்கை. ஒரு வரியில் "வளையல் அடகு" என்று மட்டும் இருக்கிறது. அந்த வருசம் ஆஸ்பத்திரி வாசலை 17 தடவை மிதித்திருக்கிறேன். 11 ராத்திரி அங்கேயே படுக்கை. உனக்குப் பாதிதான் தெரியும். புது வேலையில் சேர்ந்திருக்கிறான் என்று அம்மா சொல்ல விடவில்லை.

2020-லிருந்து மாதாமாதம் "மாத்திரை" என்று ஒரு வரி, ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. நெஞ்சுக்காக ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. கண்புரைக்குப் போனது தனிக் கணக்கு.

ஒருத்தன் நோட்டு சாட்சியாகுமா என்று நீ கேட்பாய். மாத்திரை போட்டிருந்தாலும் அந்த அடைப்பு வந்திருக்கலாமே? டாக்டரம்மாவிடம் நானும் அதையே கேட்டேன். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகள். பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, ஐந்து வருசத்துக்கு மேல். நிஜ மாத்திரை போட்டவர்கள் இதயத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. உயிர் பிழைத்தவர்களை எண்ணினது போக, கட்டிலில் கிடந்த நாளையும் எண்ணியிருக்கிறார்கள் பார், அது எனக்குப் பிடித்திருந்தது.

கால்வலிக்கும் பதில் வைத்திருந்தார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்கள் 60 பேரை வைத்து லண்டனில் சோதித்து 2020-இல் வெளியிட்டார்களாம். சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. நிஜ மாத்திரையில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்ததாம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நிஜமாகவே தசையைப் பாதிப்பதும் அபூர்வமாக உண்டு. டாக்டரிடம் சொன்னால் ரத்தத்தைப் பார்த்து அளவைக் குறைப்பார், இல்லை வேறு மாத்திரை தருவார். எனக்குப் பார்த்ததில் ஒன்றுமில்லை.

உனக்கு இதயத்தில் இதுவரை ஒன்றும் வரவில்லை, என் கணக்கு உனக்கு அப்படியே பொருந்தாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் தாத்தா 50 வயதில் வரப்பிலேயே சாய்ந்தவர். அந்த 104 மாத்திரை காட்டின எண், உன் உடம்பு காட்டினது இல்லை. கொழுப்பைச் செய்கிற கல்லீரலின் கையை மாத்திரை கட்டி வைத்திருக்கிறது. அவிழ்த்துவிட்டால் சில வாரத்தில் பழைய வேலையை ஆரம்பித்துவிடும். மூன்றாவது மாதம் ரத்தம் கொடுத்துப் பார், தெரியும். நிறுத்தலாமா வேண்டாமா என்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேள்.

உன்னுடையதும் என்னுடையதும் ஒரே அட்டோர்வாஸ்டாட்டின்தான். ராத்திரிதான் போட வேண்டும் என்றில்லை, எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம். நான் பல் தேய்க்கும் பிரஷ் டம்ளரிலேயே அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன்; அம்மா திட்டுகிறாள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதே.

பொங்கலுக்கு வரும்போது காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கொண்டு வா. எண்ணிப் பார்ப்பேன். பேத்திக்கு எள்ளுருண்டை தனியாக அனுப்புகிறேன்.

அப்பா