முதல் நூலில் தொடங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்களை, அதாவது தட்டையான ஒரு கற்பனை உலகத்தில் நடக்கும் நகைச்சுவைக் கதைகளை, எங்கிருந்து தொடங்குவது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதல் நூலிலிருந்து என்று பதில் வந்திருந்தது. அதை நம்பி வாங்குகிறவர் அந்த ஒன்றோடு நிறுத்திவிடுவாரோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

மொத்தம் 41 நாவல்கள், 1983 முதல் 2015 வரை வந்தவை. முதலாவதான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’, வாளும் மந்திரமுமாக அதற்குமுன் வந்த ஆங்கிலக் கதைகளைக் கேலி செய்கிறது. அவற்றைப் படிக்காதவருக்குக் கேலி பிடிபடாது. போதாக்குறைக்கு, நாயகன் உலகத்தின் விளிம்பிலிருந்து விழுவதோடு நூல் முடிந்துவிடும். மீதியை அடுத்த நூலில்தான் தேட வேண்டும்.

நாற்பத்தொன்றும் ஒரே கதையல்ல. உலகம் ஒன்று, கிளைகள் பல. நம் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமே, அதுபோல இதற்கும் நுழையும் வழி ஒன்றல்ல. ஆனால் நுழைந்த கிளைக்குள் வரிசை தப்பக் கூடாது.

என் தேர்வு எட்டாவது நூல், ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989). குள்ளர்களிடம் வளர்ந்த ஒரு பையன் ஊர்க்காவலில் சேரப் பெருநகரத்துக்கு வருகிறான். ஊர் அவனுக்கும் புதிது, நமக்கும் புதிது. அவனோடு சேர்ந்து நாமும் தெரிந்துகொள்கிறோம். அதன்பின் ‘மென் அட் ஆர்ம்ஸ்’, ‘ஃபீட் ஆஃப் க்ளே’, ‘ஜிங்கோ’, ‘தி ஃபிஃப்த் எலிஃபன்ட்’, ‘நைட் வாட்ச்’, ‘தட்!’, ‘ஸ்னஃப்’. எல்லோரும் புகழ்கிறார்களே என்று ‘நைட் வாட்ச்’சை முதலில் எடுப்பவர்கள் உண்டு. காவல் தலைவர் வைம்ஸ் முப்பது ஆண்டு பின்னே போய், இளைஞனான தன்னையே சந்திக்கும் கதை அது. அவர் என்னவாக இருந்து என்னவாக ஆனார் என்று தெரியாமல் படித்தால் அந்தக் கனம் நெஞ்சில் இறங்காது.

மெல்லிய நூல் வேண்டுவோர்க்கு ‘மார்ட்’ (1987). எமன் தன் தொழிலுக்கு ஒரு பையனைச் சேர்த்துக்கொள்கிறார். பர்மாவில் இருந்த நம்மவர் வட்டிக்கடைகளில் தொழில் பழகச் சேர்ந்த பெட்டியடிப் பையனைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். எமன் பேச்சுக்கு மேற்கோள் குறி இராது. முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். அச்சுப் பிழையல்ல.

உண்டியலும் (பணம் மாற்றும் சீட்டு) வட்டியும் அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு ‘கோயிங் போஸ்டல்’ (2004), அடுத்து ‘மேக்கிங் மணி’ (2007). தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய மோசடிக்காரன் முதலில் தபால் நிலையத்தை நடத்துகிறான், பிறகு வங்கியை. தங்கம் இல்லாமல் வெறும் காகிதம் எப்படிப் பணமாகிறது என்பதை இத்தனை சுவையாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

பெரும்பாலான நூல்களில் அத்தியாயப் பிரிவு கிடையாது. பஸ்ஸில் படிப்பவர்கள் காட்சி மாறும் இடைவெளி பார்த்து நிறுத்த வேண்டும். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள், பாதிச் சிரிப்பு அங்கேதான். கைபேசியில் அவை பெரும்பாலும் பின்னால் போய்விடுவதால் அச்சுப் புத்தகமே நல்லது.

பிள்ளைகளுக்கு ‘தி வீ ஃப்ரீ மென்’ என்பார்கள். அதில் வரும் நீலக் குட்டி மனிதர்கள் ஸ்காட்லாந்து வழக்கில் பேசுவார்கள். பள்ளி ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளை தடுமாறும். வாய்விட்டு வாசித்தால் பாதி புரிந்துவிடும். அதன் நாயகி, சூனியக்காரியாகப் பழகும் ஒரு சிறுமி. அவள் கதை ஐந்து நூல்கள். ஐந்தாவதான ‘தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்’ பிராட்செட் மறைந்தபின் வந்தது. சூனியக்காரிகள் வரும் பழைய நூல்களையும் முடித்துவிட்டே அதை எடுக்கச் சொல்லுங்கள். அதன் தொடக்கத்திலேயே வரும் ஒரு மரணம் அப்போதுதான் வலிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி