விதைக்கும் முன்பே வேண்டும் பருவமழைக் கணிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்ற கணிப்பு ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் வெளிவருகிறது. கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கத்துச் சிறு விவசாயிகள் அதை ஒரு வரி விடாமல் படிக்கிறோம். அந்தக் கணிப்பு எங்களுக்கு எப்போது கிடைக்கிறது, எந்தச் சொற்களில் கிடைக்கிறது என்பது பற்றியே இக்கடிதம்.

செட்டிநாட்டில் எங்களுக்குக் கண்மாயும் வானமும்தான் துணை. ஆவணியில் மாலை வேளைகளில் பெய்யும் இடிமழையில் உழுது வைத்து, புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு, ஐப்பசி மழையை எதிர்பார்த்திருப்பது எங்கள் வழக்கம். ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை மண்ணுக்குள் போய்விடும். மழையே பெய்யாவிட்டாலும் காய்ந்த புழுதியில் விதை சில வாரங்கள் தாங்கும். ஒரு மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு, பிறகு இருபது நாள் வானம் வெளுத்துக் கிடந்தால்தான் ஆபத்து. 'பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும்' என்று புரட்டாசியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. அத்தகைய நாட்களில் வயலுக்குப் போகிறவர்கள் புழுதியைக் கிளறி, நாலைந்து நெல்லை எடுத்து, உமியை நகத்தால் பிளந்து, முளை வெள்ளையாக இருக்கிறதா, கருகிவிட்டதா என்று பார்ப்பதை இன்றும் காணலாம். கருகியிருந்தால் மறுவிதைப்புதான், விதைக்கும் டிராக்டர் வாடகைக்கும் வீட்டு நகை மீண்டும் அடகுக்குப் போகும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான கணிப்பைச் செப்டம்பர் இறுதியை ஒட்டித்தான் வெளியிடுகிறது. அதற்குள் எங்கள் பகுதியில் பெரும்பாலான விதை மண்ணில் இறங்கியிருக்கும். அந்தக் கணிப்பும் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஆகியவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்ட வாரியாகத் தரும் கணிப்பே எங்களுக்கு அதிகம் பயன்படக் கூடியது. ஆயினும் அது விதை வாங்கும் இடத்துக்கு, விதை வாங்கும் நாளில் வந்து சேருவதில்லை.

உரிய காலத்தில் கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நிறையச் செய்யலாம். மூன்று ஏக்கர் உள்ள குடும்பம் மழை குறையும் வாய்ப்பு அதிகம் என்று முன்பே அறிந்தால், மடைக்கு அருகிலுள்ள ஓர் ஏக்கரில் மட்டும் 130 நாள் ரகத்தை விதைத்துவிட்டு, மேட்டு வயலில் 100, 105 நாளில் அறுவடைக்கு வரும் அண்ணா 4 போன்ற வறட்சி தாங்கும் ரகத்துக்கு மாறலாம். விதையை ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். அடியுரத்துக்குக் கடன் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய நவம்பர் நடுப்பகுதி வரை காத்திராமல், அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்பதற்கான வருவாய்த் துறைச் சான்று) கிடைத்த உடனேயே பிரீமியத்தைக் கட்டலாம். இவை எல்லாம் ஆவணியில் எடுக்க வேண்டிய முடிவுகள் அல்லது ஆவணியிலேயே திட்டமிட வேண்டியவை.

அடுத்தது சொற்களைப் பற்றியது. பருவக் கணிப்பு என்பது வாய்ப்புக் கணக்கு. இயல்பைவிடக் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்றாகப் பிரித்தால், ஒன்றும் அறியாத நிலையிலேயே ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 33 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே 'குறைவாகப் பெய்ய 45 சதவீத வாய்ப்பு' என்பது கவனிக்கத்தக்க எச்சரிக்கைதான். ஆனால் மழை பொய்க்கும் என்ற தீர்ப்பு அன்று. செய்தியில் சதவீதம் விடுபட்டு, 'மழை குறையும்' என்று மட்டும் தலைப்பிட்டால், ஒரு குடும்பம் முழு நிலத்தையும் தரிசாகப் போட்டுவிடக் கூடும். ஜூன் மாதம் வரும் 'எல் நினோவால் மழை குறையும்' என்ற தலைப்பும் (பசிபிக் பெருங்கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதே எல் நினோ) அப்படிப்பட்டதே. அது தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்துவது; வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது, 2015 போல. அந்தக் கடல் நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா ஆண்டில் குறையும் என்பதும் உறுதியில்லை. 2021இல் லா நினா இருந்தும் மாநிலத்தில் இயல்பைவிட 59 சதவீதம் அதிகமாகப் பெய்தது. 2016இலோ 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

மொத்த மழையளவும் முழு உண்மையைச் சொல்லாது. 2023இல் மாநில அளவில் பருவமழை இயல்பை ஒட்டியே இருந்தது. ஆனால் அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எனவே பருவக் கணிப்பை வைத்து ரகத்தையும் பரப்பையும் முடிவுசெய்துவிட்டு, விதைக்கும் நாளைச் செவ்வாய், வெள்ளிகளில் வரும் ஐந்து நாள் வேளாண் வானிலை அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பதே சரியான முறை. வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கி, விவசாயிகளுக்கு இத்தகைய வானிலை ஆலோசனை தந்துவந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை மூட 2024இல் உத்தரவிட்டது இந்த முறைக்கு விழுந்த பெரிய அடி என்றே கருதுகிறேன்.

தங்களிடம் வேண்டுவது, கணிப்புச் செய்தியில் சதவீதத்தையும், அது எந்தப் பகுதிக்கு உரியது என்பதையும் விடாமல் வெளியிட வேண்டும் என்பதே. அரசிடம் கேட்பது: வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணிப்பை ஆவணி பத்தாம் தேதிக்குள் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும், விதை வழங்கும் மேசைக்கு அருகிலேயே ஒட்ட வேண்டும். முந்தைய ஐந்து ஆண்டுகளில் என்ன கணித்தார்கள், எங்கள் ஒன்றியத்தில் உண்மையில் எவ்வளவு பெய்தது என்பதையும் அதே தாளில் பக்கத்தில் அச்சிட்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நாங்களே கணக்கிட்டுக் கொள்வோம்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
கல்லல் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்.